எந்த ஊர்?

ஊர் கட்டி ஆளும் கணினி விளையாட்டு ஒன்றில் மகுடவர்மர் என்று ஒரு ராஜா. முதல் நகரத்துக்கு இடம் தேடியே நாற்பது நாள் ஓட்டிவிட்டார். ஆறு இருந்தால் மலை எங்கே என்பார், மலை இருந்தால் கடல் எங்கே என்பார். வண்டியோட்டி மாசிலனுக்கு இடுப்பே விட்டுப்போனது.

"மூன்றும் உள்ள இடத்தை இன்றைக்குக் காட்டாவிட்டால் உன் தலை இருக்காது!"

மாசிலன் பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பினான்.

ஆறு, மலை, கடல். நடுவில் பெரிய கோட்டை.

"அடடா, இதுதான் என் இடம்! எவன்டா இங்கே கட்டினவன்?"

"பக்கத்து ராஜாங்க. முதல் நாள் நாம வந்து இறங்கினதே இங்கதான். இதைவிட நல்லது கிடைக்கும்னு நீங்கதானே கிளப்பினீங்க?"

கோட்டைக் காவலன் எட்டிப் பார்த்தான். "யாருய்யா நீங்க? எந்த ஊரு?"

"அதைத்தாங்க எங்க ராஜா நாற்பது நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கார்" என்றான் மாசிலன்.