மோட்டார்மேல் ஒரு சத்தியம்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனி. மோட்டாரை ஓட்டிப் பார்த்துப் பாஸ், ஃபெயில் சொல்வது தெய்வானையின் வேலை. அன்றைக்கு அவள் ஓட்டி நிறுத்திய புது மோட்டார் தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது.

வாங்க வந்த வியாபாரிகள் முன்னாலேயே மேனேஜர் மகுடபதி அதட்டினார். “மோட்டார் சூடே ஆகலே, உன் மீட்டர்தான் பொய் சொல்லுது! பாஸ்னு கையெழுத்துப் போடு, இல்லே நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

“போட்டுடறேங்க சார். மோட்டார்மேல கைவச்சு, சூடில்லேன்னு ஒரே ஒரு சத்தியம் மட்டும் பண்ணிக் குடுங்க.”

நாலு பேர் பார்க்கிறார்களே என்று வீறாப்பாய்க் கையை வைத்தவர், “ஐயோ!” என்று துள்ளிக் குதித்தார்.

தெய்வானை தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். “மோட்டார்தான் சுடாதுங்களே சார். சத்தியம்தான் சுட்டிருக்குமுங்க!”