வாசலைத் தாண்டிய மூன்றாம் ஏடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பேரும் ஊரும் நமக்கு எதற்கு? அவருக்கு வந்த ஆசையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அரண்மனையில் அவருடைய தாத்தா காலத்து மாட்டு வைத்திய ஏட்டுக்கட்டு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை ஊரே பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். ஆனால் ஒருவரும் ஒரு வரிகூட எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பந்தி போட்டுப் பரிமாறிவிட்டு, விழுங்காதே என்று சொல்வதைப் போல.

அரசவை விகடக்காரன் வேம்பன் என்றாலே பிரதானி திருமேனிநாதருக்கு வயிறு எரியும். "அரசே, இதற்கு வேம்பனைவிடப் பொருத்தமானவர் யார்?" என்று தேனொழுகப் பேசி மாட்டிவிட்டார்.

"வேம்பரே, ஏட்டை மண்டபத்தில் வையும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டும். ஆனால் ஒரு வரி வாசலைத் தாண்டினாலும், கொண்டுபோனவரும் நீரும் அன்றே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்" என்றார் ராஜா.

வேம்பன் ஏட்டைச் சங்கிலியால் கட்டினான். வருகிறவர்களிடமிருந்து ஓலையையும் எழுத்தாணியையும் வாசலிலேயே வாங்கி வைத்தான். அடேயப்பா, என்ன கூட்டம்! ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் பிரதானி ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்து வந்தார். எண்ணெய்ச் செக்கு ஓட்டும் செங்கமலம். வயிறு ஊதிச் சாகக் கிடந்த தன் மாட்டுக்கு, மண்டபத்தில் கேட்ட மருந்தை அவள் கொடுத்திருக்கிறாள். மாடும் எழுந்து செக்குச் சுற்றுகிறது.

"திருட்டு, அரசே. மூன்றாம் ஏடு இவள் தலைக்குள் இருக்கிறது" என்றார் பிரதானி.

"சாமி, அந்த மாடு போனா எம் புள்ளைங்க பட்டினிதான். காதுல விழுந்ததைச் செஞ்சேன்" என்று செங்கமலம் அழுதாள்.

அவள் வெளியேறினால் வேம்பனும் வெளியேற வேண்டியதுதான். ஆனாலும், "என்ன கொடுத்தாய், சொல்லம்மா" என்று கேட்டான்.

"ஓமம், பெருங்காயம், ரெண்டு பிடி பூண்டு வச்சு அரைச்சு..."

"பொய். ஏட்டில் இருப்பது ஒரு பிடி" என்று பாய்ந்தார் பிரதானி.

"நீரும் தவறு. ஒன்றரைப் பிடி" என்றார் ராஜா.

வேம்பன் முகம் மலர்ந்துவிட்டது. வாசல் பக்கம் திரும்பி, "காவலரே, மூன்று வண்டி பூட்டுங்கள்" என்றான்.

"எதற்கு?" என்றார் ராஜா.

"எனக்கும் இந்த அம்மாவுக்கும் ஒன்று, பிரதானிக்கு ஒன்று. இன்னொன்று, பொறுத்தருள வேண்டும், தங்களுக்கு. ஏடு மண்டபத்தில் இருக்கிறது. அதன் வரி இந்த அம்மா, பிரதானி, தாங்கள் என்று மூவர் தலையிலும் வாசலைத் தாண்டி வந்திருக்கிறது. ஆணை ஆணைதானே, அரசே. நாலு நாளாகக் கேட்டுக்கொண்டு நிற்கும் காவலர்கள் நடந்து வரட்டும். பின்னாலேயே ஊரும் வரும். ஏடு பத்திரமாக இருக்கும், பார்க்கத்தான் ஆள் இருக்காது."

ராஜாவின் மீசை முதலில் துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை அவர் சிரித்தார்.

தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து வேம்பனுக்குப் போர்த்தினார். "எழுத்தாணிகளைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிரதானி எழுதிக் கொடுப்பார். பூண்டு ஒன்றரைப் பிடி, நினைவிருக்கட்டும்" என்றார்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஒண்ணரைப் பிடிதான் கொடுத்தேன், எம் மாடு அசையக்கூட இல்லீங்க சாமி. ரெண்டுன்னே எழுதச் சொல்லுங்க" என்றாள்.

ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். பிரதானி குனிந்த தலை நிமிராமல், இரண்டு பிடி என்றே எழுதினார்.