கடனில்லாத அணிலைப் பார்க்க வந்தவர்கள்

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், அணில் ஒன்று தன் குட்டிகளோடு ஒரு மரப்பொந்தில் வாழ்ந்து வந்தது. உழைப்பதற்கு அது சளைத்ததே இல்லை. ஆனால் ஒரு வருடம் மழை பெய்யவில்லை. இலுப்பை பூக்கவில்லை, புல்லும் கதிர் விடவில்லை. குட்டிகள் பசியில் கத்தின.

அதே மரத்தடியில் வளை தோண்டியிருந்த பெருச்சாளியிடம் மட்டும் தானியம் குவிந்து கிடந்தது. அது பெரிய பேராசைக்காரப் பெருச்சாளி. ஆனால் பேச்சு மட்டும் தேனாக இனிக்கும். அணில் தயங்கித் தயங்கிக் கேட்டதும், உனக்கு இல்லாததா என்று அள்ளிக் கொடுத்தது.

கொடுத்த பிறகுதான் நிபந்தனையைச் சொன்னது. வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். அதுவரை அணில் தினமும் பொறுக்கி வருவதில் பாதி பெருச்சாளிக்கு. ஒரு நாள் தவறினாலும் அணிலின் பொந்து பெருச்சாளியின் கிடங்காகிவிடும்.

அணில் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. ஆனாலும் அணிலுக்கு ஓய்வில்லை. காய்ச்சல் அடித்தபோதும் பொறுக்கப் போனது. குட்டிகள் விளையாடக் கூப்பிட்டபோதும், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடியது. அந்த நாளை வரவே இல்லை.

கடைசியில் ஒருநாள் காலை, கடனில் மீதியிருந்த தானியத்தைப் பெருச்சாளியின் முன் கொட்டியது அணில். பெருச்சாளி கிளறிக் கிளறிப் பார்த்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி, தீர்ந்தது" என்று முனகியது.

அதைக் கிளையில் இருந்த மைனா கேட்டுவிட்டது. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் இருக்க முடியாத மைனா அது. உடனே காடு முழுக்கப் பறந்து செய்தியைச் சொன்னது.

யாராலும் நம்ப முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காட்டில் எல்லோருமே பெருச்சாளிக்குக் கடன்பட்டவர்கள். அடைத்து முடித்தவர் என்று ஒருவர்கூட இல்லை. கடனே இல்லாத ஓர் உயிர் எப்படி இருக்கும் என்று பார்க்க முயல் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, காட்டுக்கோழியும் மயிலும் வந்தன.

முயல் அணிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறது, மற்றபடி பழைய அணில்தான் என்றது. எடை குறைந்த மாதிரி இருக்கிறதா என்று முள்ளம்பன்றி விசாரித்தது. மைனா மட்டும் நேராகக் கேட்டது. "அணிலக்கா, கடன் தீர்ந்தால் எப்படி இருக்கும்?"

அணில் யோசித்தது. அதற்கே இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் வளைக்குள் இருந்து கவனித்துக்கொண்டிருந்தது பெருச்சாளி. இந்த ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டால் தன் கதி என்ன? அது மெல்ல வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக அணிலின் அருகே நின்றது.

"தங்கச்சி, எவ்வளவு பெரிய நாள் இது! வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? என் கிடங்கில் இருப்பதை எடுத்து எல்லோருக்கும் விருந்து வை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

விருந்து என்றதும் குட்டிகள் துள்ளின. அணிலுக்கும் ஆசைதான். இத்தனை பேர் தன் வீடு தேடி வந்ததே இல்லை. அதன் கால்கள் வளையை நோக்கி நகரக்கூடச் செய்தன. பிறகு சட்டென்று நின்றது.

"அண்ணே, அப்படியானால் நாளைக் காலையில் நான் யாருக்காகப் பொறுக்க வேண்டும்?"

"எனக்குத்தான். கொஞ்ச நாளைக்கு, பழையபடி பாதிப் பாதி" என்றது பெருச்சாளி.

அணில் திரும்பி மரத்தில் ஏறியது. அன்று காலை கொடுத்ததுபோக மிச்சமிருந்த இலுப்பைப் பழங்களையும் கொஞ்சம் புல்லரிசியையும் கொண்டுவந்து நடுவில் வைத்தது. ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட்டதும் குட்டிகள் ஓடிப்பிடித்து விளையாட அணிலைக் கூப்பிட்டன. அணில் உடனே ஓடியது. முயலும் சேர்ந்துகொண்டது. வெயில் சாயும்வரை அந்த மரத்தடியில் ஒரே ஆட்டமாக இருந்தது.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த அணிலிடம் மைனா விடாமல் மறுபடியும் கேட்டது.

அணில் இப்போது யோசிக்கவில்லை. "நான் கொண்டுவந்தது முழுக்க என்னுடையது. அதனால்தான் உனக்குக் கொடுக்க முடிந்தது. இப்படித்தான் இருக்கும்."

மைனா உடனே பறந்து போய் அதையும் எல்லோரிடமும் சொன்னது.

மறுநாள் காலை பெருச்சாளியின் வளை வாசலில் கூட்டம் நின்றது. யாரோ கடன் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று பெருச்சாளி ஆவலோடு எட்டிப் பார்த்தது. முயலும் முள்ளம்பன்றியும் மற்றவர்களும், முடிந்த அளவு தானியத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றிருந்தார்கள்.

நீதி: கடன் தீர்ந்த நாளை, இன்னொரு கடன் வாங்கிக் கொண்டாடாதே.