கடைசி வீட்டுக்கு வந்த தூக்கம்

ஒரு ஊர்ல ஒரே ஒரு தூக்கம்தான் இருந்துச்சு. ஊருக்கே ஒண்ணு. பெரியம்மா கதை விடறேன்னு சிரிக்காத, கேளு. 'ம்' கொட்டினாத்தான் கதை நகரும்.

ம்.

அந்தத் தூக்கம் இருக்கே, குட்டையா, தொப்பையும் தொந்தியுமா, இலவம்பஞ்சு மாதிரி இருக்கும். தோள்ல ஒரு பை. பொழுது சாஞ்சு விளக்கு வச்சதும் தெருவோட முதல் வீட்டுக்குள்ள போகும். பைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளும், கண்ணுல 'பூ...'ன்னு ஊதும். அவ்ளோதான், அந்த வீடே கொர் கொர். அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் அதுக்கும் அடுத்த வீடு. தொம் தொம்னு நடந்து நடந்து, கடைசி வீட்டுக்கு முன்னாடி இருக்கற புங்கமரத்தடியில 'அப்பாடா'ன்னு உக்காந்துடும். கால் வலி. பசி வேற. ஒருத்தர்கூட அதுக்கு ஒரு வாய் குடுத்ததில்ல. அது வந்து நின்னதும் எல்லாரும் தூங்கிடறாங்களே, எங்க குடுக்கறது?

அந்தக் கடைசி வீட்டுல செம்பகம்னு ஒரு அம்மா. கூடையில காயும் பழமும் வச்சு தெருத்தெருவா விக்கும். பெரிய பொண்ணு முத்தழகி, அடுத்தது சடையன், தொட்டில்ல ஒரு பாப்பா. தூக்கம் எட்டிப் பாக்காத வீடு இல்லையா, பாப்பா ராவெல்லாம் வீல் வீல்னு அழும். அம்மா தொட்டிலை ஆட்டும், கிரீச் கிரீச். விடியறதுக்குள்ள கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடும். கண்ணு ரெண்டும் மிளகாப்பழமாட்டம் சிவந்து கிடக்கும்.

ஒருநாள் அம்மா அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணு சொருகிப் போய், கொதிக்கிற கஞ்சியில கைய வச்சுடுச்சு. கை பூரா கொப்புளம். முத்தழகிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"டேய் சடையா, எப்படியாவது தூக்கத்தை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துடணும்டா. இல்லேன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்."

"அதுக்குப் பசிக்குதுக்கா, மரத்தடியில வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தேன். ஏதாச்சும் திங்கக் குடுப்போம்."

முதல்ல என்ன குடுத்தாங்க தெரியுமா? பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல கிடைச்ச கலர் மிட்டாய். தூக்கம் வாயில போட்டுச்சு, சப் சப் சப். நாக்கு பச்சையாச்சு, உதடு சிவப்பாச்சு, கண்ணு ரெண்டும் 'டப்'புனு தொறந்துக்கிச்சு. அப்புறம் மரத்தைச் சுத்திக் குடுகுடுகுடுன்னு ஒரே ஓட்டம். விடியற வரைக்கும் நிக்கல. நீயும் அன்னைக்கு மிட்டாய் தின்னுட்டு அப்படித்தானே ஆடுன, மறந்துபோச்சா?

ம்.

ரெண்டாவது நாள் முறுக்கு குடுத்தாங்க. நொறுக். நொறுக். நறநற நொறுக். அந்தச் சத்தத்துல தெருவே எந்திரிச்சு உக்காந்துடுச்சு. "யாருய்யா அது, இந்த நேரத்துல?"ன்னு ஒவ்வொரு கதவா தொறக்குது. பாவம் தூக்கம், மறுபடியும் முதல் வீட்டுலேர்ந்து ஊதிக்கிட்டு வந்துச்சு. கடைசி வீடு வரைக்கும் நடக்கவே முடியல. பாதித் தெருவுல படுத்துக்கிச்சு.

மூணாவது நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் யோசிச்சாங்க. துள்ள வைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அப்போ மெத்துனு இருக்கணும். அம்மா கூடையில என்ன மிச்சம்னு பாத்தா, நல்லாக் கனிஞ்ச ரஸ்தாளிப் பழமும், குட்டி குட்டி கேரட்டும் கிடந்துச்சு. முத்தழகி கேரட்டைக் கழுவித் துருவினா, சர்ர் சர்ர். சடையன் பழத்தை உரிச்சுப் பிசைஞ்சான், சொதக் சொதக். முழங்கை வரைக்கும் பழம். ரெண்டையும் கலந்து, ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, பாப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சாங்க. அதுவும் ஒரு பிடி அள்ளி அமுக்குச்சு. உருண்டையா அது? கோணல் மாணலா ஒண்ணு. எல்லாத்தையும் தேங்காய்ப்பூவுல போட்டு மெதுவா உருட்டு, உருட்டு, உருட்டு.

அம்மா வந்து எட்டிப் பாத்துச்சு. "என்ன புள்ளைங்களா பண்றீங்க?"

"உனக்குத் தூக்கம் பண்றோம்மா"ன்னான் சடையன்.

பொழுது போச்சு. தூக்கம் தள்ளாடித் தள்ளாடி மரத்தடிக்கு வந்துச்சு. புள்ளைங்க அங்க வச்சிருந்த ஒரு உருண்டையை எடுத்து வாயில வச்சுச்சு. சத்தமே இல்ல. நாக்குல அப்படியே கரையுது. இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கால் வலி விட்டுச்சு, வயிறு குளுந்துச்சு. "யாரு பெத்த புள்ளைங்களோ"ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சு, அந்த வீட்டு வாசப்படியை மெதுவா ஏறுச்சு.

உள்ள வந்து பையை உதறிப் பாத்தா, ஒரே ஒரு பிடிதான் மிச்சம்.

"புள்ளைங்களுக்கு ஊதறதுதான் வழக்கம். வாங்க, கண்ணை மூடுங்க"ன்னுச்சு.

முத்தழகிக்குக் கண்ணு எரியுது. எத்தனை நாளாத் தூங்கல அந்தப் புள்ளை. இருந்தாலும் ரெண்டு இமையையும் விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "எங்களுக்கு வேணாம் தாத்தா. அம்மாவுக்கு ஊது"ன்னா.

"ஐயோ, எனக்கெதுக்கு, புள்ளைங்களுக்கு..."ன்னு செம்பகம் சொல்லி முடிக்கல.

பூ...

தொட்டில் கயித்துல வச்ச கை வச்சபடியே, அம்மா அப்படியே சாஞ்சு தூங்கிடுச்சு.

அப்போ அந்த வீட்டுல ஒரு புதுச் சத்தம் கேட்டுச்சு. உஸ்... உஸ்... உஸ்... அம்மா மூச்சு. அம்மா தூங்கற சத்தத்தைப் பாப்பா பொறந்ததுலேர்ந்து கேட்டதே இல்ல. அழறதை நிறுத்திட்டுக் கேட்டுச்சு. உஸ்... உஸ்... கேட்டுக்கிட்டே கண்ணை மூடிக்கிச்சு. அப்புறம் சடையன், அம்மா முதுகுல ஒட்டிக்கிட்டே. முத்தழகி இமையிலேர்ந்து விரல் தானா வழுக்கி விழுந்துச்சு. தூக்கம் காலிப் பையை மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டு, அவங்க காலடியிலயே சுருண்டு படுத்துக்கிச்சு.

புள்ளைங்களுக்கு யாரும் ஊதவே இல்ல. அம்மா தூங்குச்சு, வீடு தூங்குச்சு.

கதையும் படுத்தாச்சு, காலை நீட்டியாச்சு. நீயும் தூங்கு என் தங்கம்.