சான் காஸ்பர் பள்ளத்தாக்கு

ஸ்பானியர்கள் அமெரிக்க மண்ணில் அலைந்து திரிந்த காலம். அவர்களுக்கு ஊருக்குப் பெயர் வைப்பது சுலபமான வேலை. போய்ச் சேருகிற நாள் எந்தப் புனிதரின் திருநாளோ, அவர் பெயருக்கு முன்னால் ‘சான்’ போட்டுவிட்டால் தீர்ந்தது.

இலாரியோ சாமியார் ஒல்லி. கொசு பாடுகிற மாதிரி குரல். அவருடைய சீடர் காஸ்பர், அவரைவிட மூத்தவர். பழைய படைவீரர். தாடியும் தொந்தியுமாக இருப்பார். வரைபடம் எழுதுவது அவர் பொறுப்பு. தன் பெயரில் ஓர் ஊர் வேண்டும், தான் செத்த பிறகும் நாலு பேர் அதைச் சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஒரு காலை, சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினார்கள்.

“இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது,” என்றான் வழிகாட்டி. அந்தப் பக்கத்து ஆள். ஞானஸ்நானத்தில் அவனுக்கும் பேத்ரோ என்று பெயர் மாற்றியாகிவிட்டது.

“படத்தில் காலியாக இருக்கிறதேப்பா! அப்புறம் என்ன பெரிய பெயர்?”

காஸ்பர் மையைத் தொட்டு ‘சான் காஸ்பர்’ என்று எழுதினார்.

“இன்று புனித காஸ்பர் திருநாள் இல்லையே ஓய்,” என்றார் குரு.

“இந்தப் பொட்டல்காட்டில் பஞ்சாங்கம் பார்க்க யார் வரப்போகிறார்கள் சாமி?”

குரு சிரித்தார். “சரி, மை காயட்டும்.”

காஸ்பருக்குத் தலைகால் புரியவில்லை. பாறையைப் பார்த்துத் தன் பெயரைக் கூவினார். பாறை அவர் குரலிலேயே திருப்பிக் கூவியது. அவர் வாயை மூடிய பிறகும் கூவியது. அவருடைய கரகரப்பு, கடைசியில் வரும் இருமல், எல்லாம் அப்படியே.

“என்ன?” என்றார் தன்னையறியாமல்.

கூவல் நின்றது.

மதியம் பேத்ரோ சோளக்கூழ் ஊற்றினான். இரண்டே கிண்ணம்.

“எனக்கு?” என்றார் காஸ்பர்.

பேத்ரோ நிமிர்ந்து பாறையைப் பார்த்தான். “இங்கே எதிரொலி கணீரென்று இருக்கிறது சாமி.”

“காஸ்பர் எங்கே?” என்று கேட்டார் குரு.

பேத்ரோ தரையைத் தட்டிக் காட்டினான். “இதோ. காஸ்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.”

“அடேய், விளையாடாதே!” காஸ்பர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“காற்று எழும்புகிறது,” என்று பேத்ரோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

காஸ்பர் ஓடிவந்து குருவின் காலைக் கட்டிக்கொண்டார்.

“சாமி, நான்தான்! இங்கேதான் இருக்கிறேன், உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறேன்! எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது சாமி. ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள்!”

குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார். மெல்லக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“காலையில் நீர் மையைத் தொட்டபோது இந்த இடமும் இதையேதான் கத்தியது. உமக்குக் கேட்டதா?”