காளை படுத்த இடம்

மழைக்கு வழி மறந்துபோன ஒரு சீமையில், வெகு காலத்துக்கு முன்னே, மலையாண்டி என்று ஓர் ஊர்த்தலைவர் இருந்தார். ஊர் என்றதும் நிலையான ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் வற்றினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஊர் அது.

புது இடத்தைத் தேர்ந்தெடுப்பது சாமிக்கு நேர்ந்துவிட்ட காளை. அது முன்னே நடக்கும், ஆண்கள் அதன் பின்னே, பெண்கள் குடத்தோடு கடைசியில். காளை எங்கே படுக்கிறதோ அங்கேதான் ஊர். பேசத் தெரியாத காளைக்கு இருந்த வாக்கு, பேசத் தெரிந்த பெண்களுக்கு இல்லை.

புறப்படுமுன் காளைக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவார்கள். வயிறு நிறைந்த மாடு எவ்வளவு தூரம் நடக்கும்? முதல் தடவை புளியமர நிழலில் படுத்தது. இரண்டாம் தடவை வழவழப்பான பாறையில். ஆடுபுலி ஆட ஏற்ற இடம் என்று ஆண்களுக்கு ஏக சந்தோஷம். மூன்றாம் தடவை காற்றாடும் மேட்டில். மூன்று இடத்திலும் தண்ணீர் மட்டும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. மூன்று தடவையும் மலையாண்டி மீசையைத் தடவிக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"தண்ணிக்கென்ன, பொம்பளைங்க இருக்காங்க."

அவர் மனைவி சிலம்பாயி விடியுமுன் குடத்தோடு போய் உச்சி வெயிலில் திரும்புகிறவள். சும்மாடு வைத்து வைத்து உச்சந்தலையில் முடி கொட்டிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மேட்டு ஊரிலும் தண்ணீர் வற்றியபோது, அடுத்த இடத்தில் மகள் மயிலாவும் குடம் எடுக்கட்டும் என்று மலையாண்டி சொல்லிவிட்டார். மயிலாவுக்குப் பால்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. இதை மட்டும் சிலம்பாயியால் தாங்க முடியவில்லை.

காளைக்குத் தவிடு வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் அவள் வேலை. புறப்படுகிற அன்று தவிட்டில் ஒரு கை உப்பைக் கூடவே போட்டாள். தண்ணீர் காட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. பெண்கள் செய்கிற வேலையை யார் கவனித்தார்கள்?

வேப்பமரம் வந்தது, ஆண்கள் நின்றார்கள், காளை நிற்கவில்லை. கல்மண்டபம் வந்தது, ஆண்கள் உட்கார்ந்தே விட்டார்கள், காளை நிற்கவில்லை. ஆண்கள் கேட்டுக் கேட்டுக் குடித்ததில் குடங்களும் காலியாயின. மலையாண்டிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் காளை மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது, ஓட்டமெடுத்தது. கோரைப்புல்லுக்கு நடுவே ஒரு சுனை. ஆசை தீரக் குடித்துவிட்டு அதன் கரையிலேயே படுத்தது.

நிழலுமில்லை, பாறையுமில்லை, காளைக்கு என்ன வந்தது என்று மலையாண்டி முகம் சுளித்தார். சிலம்பாயி உள்ளதை ஒளிக்காமல் சொன்னாள். ஆண்கள் கொதித்துப் போனார்கள். வழக்கத்தைக் கெடுத்தவளை ஊரைவிட்டு விலக்குவதுதான் அங்கே முறை.

சிலம்பாயிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேசினாள்.

"வயிறு நெறஞ்ச காளை நெழலத் தேடுச்சு. தாகமெடுத்த காளை தண்ணியத் தேடுச்சு. நெழல்தான் வேணும்னா அந்த வேம்புக்கே திரும்பிப் போவோங்க. ஆனா இங்கேருந்து தண்ணிய நீங்க சொமந்துட்டு வாங்க."

மலையாண்டி குடத்தைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். பிறகு சுனையில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். நிமிர்ந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இனிமே எடம் பாக்கறப்ப நீ முன்னால நட" என்றார்.

இதில் காளைக்கு ஆட்சேபணை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

சுமப்பவரைக் கேட்காமல் இடம் தேடுகிற ஊர், எங்கே போனாலும் தாகத்தோடுதான் இருக்கும்.