கறுப்புக் குதிரைகளுக்குப் பிறந்த செங்குட்டி

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாறிவிடும். அவனுக்கு மந்திரி நல்லசிவம், பொக்கிஷ அதிகாரி வீரபத்திரர். இந்தக் கதை வீரபத்திரரின் வயிற்றெரிச்சலைப் பற்றியது.

மந்திரியின் ஆசனம் ராஜாவுக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தது. ராஜா மடிக்கும் வெற்றிலையில் முதல் சுருள் மந்திரிக்குத்தான் போனது. மந்திரி தும்மினால் ராஜா "நூறாயுசு" என்பான். வீரபத்திரர் இருமினால் ஜன்னலைச் சாத்தச் சொல்வான். இதையெல்லாம் நினைத்து நினைத்து மனிதருக்குச் சோறு இறங்காது. மனைவியும் அவருக்கு ஏற்ற ஜோடி. எதிர்வீட்டு அம்மாள் புதுச்சேலை கட்டிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டு ரசத்தில் உப்பிருக்காது.

இந்த இருவருக்கும் ஒரே பெண், அஞ்சுகம். பூனைக்கண்ணும் சிரித்த முகமுமாக இருப்பாள். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வீரபத்திரரின் வயிறு குளிரும். சேனாதிபதியின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. தான் ஊர்வலம் போக உச்சி முதல் குளம்பு வரை கறுப்பாக ஒரு குதிரை வேண்டுமாம். மந்திரி லாயத்துக்குப் போய்க் கன்னங்கரேலென்று ஓர் ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் பார்த்துச் சேர்த்துவைத்தார். நாளாகிக் குட்டி பிறந்தது. செக்கச்செவேலென்று பிறந்தது.

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று வெற்றிலையின் முதல் சுருள் யாருக்கும் போகவில்லை. வீரபத்திரர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் நேராகச் சபைக்குப் போய், அங்கிருந்த முறை முரசின் பக்கத்தில் நின்றார். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் குற்றம் சொல்ல வருகிறவர், எந்த நியாயத்தை வைத்துச் சொல்கிறாரோ அதை முரசின் அருகில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முரசை அடித்தால் அது எல்லோருக்கும் சட்டம். பிறகு அவரே தெருத்தெருவாக முரசடித்து அதை அறிவிக்க வேண்டும்.

"மகாராஜா, கறுப்புக்கும் கறுப்புக்கும் சிவப்பு எப்படிப் பிறக்கும்? மந்திரி உண்மையான குட்டியை விற்றுவிட்டு வேறு எதையோ கொண்டுவந்து கட்டியிருக்கிறார். அவரை நாடு கடத்த வேண்டும்."

"எந்த நியாயப்படி?" என்றான் ராஜா.

"தாயிடமும் தகப்பனிடமும் தெரியாத நிறம் குட்டியிடம் தெரிந்தால், அது அவர்களுக்குப் பிறந்ததல்ல."

மந்திரி எழுந்தார். "மகாராஜா, நான் மூட்டை கட்டத் தயார். ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்றைக்குக் குதிரை, நாளைக்கு மாடு என்று சபையின் பொழுது ஏன் வீணாக வேண்டும்? மனிதர்களுக்கும் சேர்த்தே இந்தச் சட்டத்தைப் போட்டுவிடலாமே."

மந்திரி வண்டியேறுவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த வீரபத்திரர், "தாராளமாக. மனிதர்களுக்கும் சேர்த்துத்தான்" என்று முரசுக்கோலை ஓங்கினார்.

"ஒரு நிமிஷம். உங்கள் கண் கறுப்பு. உங்கள் வீட்டம்மாள் கண்ணும் கறுப்பு. அஞ்சுகத்தின் கண்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. எதிரில் சம்பந்தி சேனாதிபதி உட்கார்ந்திருந்தார். இந்த அடி விழுந்தால் கல்யாணம் நின்றுபோகும். அதைவிட, அஞ்சுகம் தன் பெண்ணே இல்லை என்று தானே ஊரெல்லாம் முரசடிக்க வேண்டும்.

"என் பெண்ணைப் பற்றிப் பேசாதீர் மந்திரியாரே. அவள் கண் என் அப்பாவின் கண். என் மாமியாருக்கும் அதே கண்தான். ஊருக்கே தெரியும்."

"யார் இல்லை என்றார்கள்? ஆனால் உங்கள் கண்ணில் அது இல்லையே. இத்தனை வருஷம் எங்கே இருந்தது?"

"எனக்குள்தான் இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?"

மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். "என் வழக்கை அவரே வாதாடிவிட்டார் மகாராஜா. எந்தக் குட்டிக்கும் நிறம் இரண்டு பங்காக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கறுப்பும் சிவப்பும் சேர்ந்து வந்தால் கறுப்புதான் வெளியே தெரியும். மகாராஜா பேசும்போது நான் வாய் திறப்பதில்லை. அதனால் நான் சபையில் இல்லை என்று அர்த்தமா? சிவப்பும் அப்படித்தான் உள்ளே பேசாமல் இருக்கும். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு சிவப்பைக் கொடுத்துவிட்டால், அடக்கக் கறுப்பு இல்லாமல் அது வெளியே வந்துவிடும். இந்தக் குதிரைகள் இரண்டுக்கும் தாத்தா, உங்கள் தகப்பனார் பெரிய மகாராஜா ஏறிய சிவப்புக் குதிரைதான்."

ராஜா யோசித்தான். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டான். "சின்ன வயதில் என்னைக் கீழே தள்ளியதே, அதுவா? குட்டியும் நேற்று என்னை உதைக்க வந்தது" என்று விழுந்து விழுந்து சிரித்தான். செங்குட்டியை மந்திரிக்கே பரிசாகக் கொடுத்தான். வீரபத்திரரைப் பார்த்து, "கோலை ஓங்கிவிட்டீர், சும்மா இறக்கக் கூடாது. வெளியே தெரியாதது உள்ளே இல்லாததல்ல என்று தெருத்தெருவாக நீரே முரசடியும்" என்றான்.

பொக்கிஷ அதிகாரி கழுத்தில் முரசோடு நடந்தார். ஊர் சிரித்தது. மந்திரிக்குக் குட்டியும் கிடைத்ததே என்று வயிறு பழையபடி எரிந்தது.

தம் வீட்டெதிரே வந்தபோது அஞ்சுகம் மோரோடு ஓடிவந்தாள். "அப்பா, செங்குட்டியை மந்திரி மாமாவுக்கே கொடுத்துட்டாங்களாமே. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

வீரபத்திரர் மோரைக் குடிக்க மறந்து அவள் முகத்தையே பார்த்தார். பொய் இல்லை. அடுத்தவருக்குக் கிடைத்ததில் இப்படி ஒரு சந்தோஷம். இவள் அம்மாவிடம் இதைப் பார்த்ததில்லை. தன்னிடமும் பார்த்ததில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராஜா சொல்லச் சொன்னதை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்த வீட்டு வாசலில் மட்டும் முரசைக் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.